அம்பு கடைசியில் வந்தது: ஃபெடெக்ஸ் லோகோவும் டேக்லைனும்

லோகோ என்று பேச்செடுத்தால் போதும், யாராவது ஒருவர் அமெரிக்கப் பார்சல் கம்பெனியான ஃபெடெக்ஸின் அம்பைக் கொண்டுவந்து விடுவார். ஆங்கிலப் பெரிய 'ஈ'க்கும் சின்ன 'எக்ஸ்'க்கும் நடுவே வெள்ளையாக ஓர் அம்பு ஒளிந்திருக்கிறதே, பார்த்தீர்களா என்று கேட்பார். ஒருமுறை பார்த்துவிட்டால் அப்புறம் அது கண்ணை விட்டுப் போகாது. அதனாலேயே டிசைன் வகுப்பு, மார்க்கெட்டிங் பயிற்சி, வாட்ஸ்அப் ஃபார்வர்டு என எல்லா இடத்திலும் இந்த லோகோவின் கதை அம்பின் கதையாகவே சொல்லப்படுகிறது.

அந்த அம்பின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இந்த லோகோ ஏன் இவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்று கேட்டால், அம்பு நான்காவது, ஐந்தாவது காரணமாகத்தான் வரும். அதற்கு முன்பே தொழில் எது, வாக்குறுதி எது, பெயர் எவ்வளவு நீளம், லாரியின் பக்கவாட்டில் என்ன தெரிய வேண்டும் என்பதெல்லாம் முடிவாகியிருந்தது. அந்த முடிவுகள் எந்த வரிசையில் வந்தன என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். லோகோவையும், பெயரோடு வரும் விளம்பர வரியான டேக்லைனையும் ஒரே நாளில், ஒரே ஆளிடம், ஒரே பில்லில் வாங்கிவிடலாம் என்று நினைக்கிற தொழில்காரர்கள் இந்த வரிசையைக் கவனிப்பது நல்லது. இங்கே பேர்போன டேக்லைன் வந்தது 1978இல். இன்றைய லோகோ வந்தது 1994இல். நடுவில் 16 ஆண்டுகள்.

வராத வாடிக்கையாளருக்காக வைத்த பெயர்

ஃபிரெட் ஸ்மித் யேல் பல்கலைக்கழகத்தில் படித்தவர். வியட்நாம் போரில் மரைன் படையில் இருந்துவிட்டுத் திரும்பியவர். 1971இல் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் லிட்டில் ராக் நகரில் ஃபெடரல் எக்ஸ்பிரஸ் நிறுவனத்தை, அதாவது இன்றைய ஃபெடெக்ஸை, தொடங்கினார். அன்றைக்கு அவசரப் பார்சல் அனுப்புகிற கம்பெனிகள் பெரும்பாலும் பயணிகள் விமானங்களில் இடம் வாங்கித்தான் சரக்கை ஏற்றின. பயணிகள் விமானம் பயணிகளுக்கு வசதியான நேரத்தில் பறக்கும். பார்சலுக்கு வேண்டியதோ இரவுப் பயணம். சாயங்காலம் ஆபீஸ் மூடும்போது கிளம்பி, மறுநாள் ஆபீஸ் திறக்கும்போது வேறோர் ஊரில் இருக்க வேண்டும்.

ஸ்மித்தின் யோசனை எளிமையானது, ஆனால் செலவு பிடிப்பது. விமானங்கள் சொந்தமாக இருக்க வேண்டும். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போகிற பார்சலாக இருந்தாலும் இரவில் ஒரே இடத்துக்கு வந்து சேர வேண்டும். அங்கே பிரித்து, வேறு விமானத்தில் ஏற்றி, விடிவதற்குள் அனுப்பிவிட வேண்டும். அந்த இடமாக டென்னசி மாநிலத்தின் மெம்ஃபிஸ் அமைந்தது. வானிலையால் விமான நிலையம் முடங்குவது அங்கே குறைவு. பக்கத்து ஊருக்குப் போக வேண்டிய பார்சல்கூட மெம்ஃபிஸ் போய்த் திரும்பும் என்று முதலில் கேட்டவர்களுக்கு இது கிறுக்குத்தனமாகத்தான் பட்டிருக்கும்.

பெயருக்கு வருவோம். 'ஃபெடரல்' என்று வைத்ததற்கு ஒரு நேரடிக் காரணம் இருந்தது. வங்கிகளுக்கு இடையே போகும் காசோலைகளை இரவோடிரவாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஒப்பந்தத்தை, மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்விடமிருந்து வாங்கிவிடலாம் என்று ஸ்மித் எதிர்பார்த்தார். பெயரும் அதற்குத் தோதாக இருக்கட்டும் என்று வைத்தார். ஒப்பந்தம் கிடைக்கவில்லை. பெயர் மட்டும் நின்றுவிட்டது. தொடக்கத்தில் அதனால் நஷ்டமும் இல்லை. நாடு முழுக்க இருக்கிற நிறுவனம், அரசாங்கத்தைப் போல நிலையானது என்ற தோரணையை அந்தப் பெயர் ஓசியில் கொடுத்தது. யாரென்றே தெரியாத புதுக் கம்பெனிக்கு அது பெரிய விஷயம்.

1973 ஏப்ரல் 17 அன்று மெம்ஃபிஸிலிருந்து சேவை தொடங்கியது. 14 சிறிய ஃபால்கன் ஜெட் விமானங்கள், 25 ஊர்கள், 186 பார்சல்கள். விமானம் ஒன்றுக்குச் சராசரியாக 14 பார்சல்கூட வரவில்லை. அதே ஆண்டு எண்ணெய் நெருக்கடியும் வந்து எரிபொருள் விலை ஏறியது. கம்பெனிக் கணக்கில் 5,000 டாலர்தான் மிச்சம் என்ற நிலையில் ஸ்மித் லாஸ் வேகாஸ் போய் பிளாக்ஜாக் என்ற சூதாட்டச் சீட்டு ஆடி 27,000 டாலரோடு வந்து பெட்ரோல் கணக்கை அடைத்தார் என்று ஒரு கதை உண்டு. தொழில்முனைவோர் கூட்டங்களில் இதை வீரக்கதையாகச் சொல்கிறார்கள். அந்தச் சீட்டு வேறு மாதிரி விழுந்திருந்தால் நாம் இன்றைக்கு எந்த அம்பையும் பேசிக்கொண்டிருக்க மாட்டோம். 1975இல்தான் நிறுவனம் லாபம் பார்த்தது. 1977இல் விமானச் சரக்குக் கட்டுப்பாடுகள் தளர்ந்து, பெரிய விமானங்களை ஓட்டலாம் என்றானது. வண்டி ஓடத் தொடங்கிவிட்டது. இனி ஊருக்குச் சொல்ல வேண்டும்.

ஒன்பது சொல்

நியூயார்க்கின் அல்லி அண்ட் கார்கானோ விளம்பர நிறுவனம் 1978இல் எழுதிக் கொடுத்த வரி இது: "வென் இட் அப்சல்யூட்லி, பாசிட்டிவ்லி ஹாஸ் டு பி தேர் ஓவர்நைட்." என்ன ஆனாலும் சரி, மறுநாளைக்குள் கண்டிப்பாகப் போய்ச் சேர்ந்தே ஆக வேண்டும் என்றால் — அவ்வளவுதான். வாக்கியம் முடியக்கூட இல்லை. அப்படி ஒரு நிலைமை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதைக் கேட்கிறவரே நிரப்பிக்கொள்ள வேண்டும்.

டேக்லைன் என்றால் மூன்று, நான்கு சொல்லுக்குள் இருக்க வேண்டும் என்று பாடம் எடுப்பார்கள். இதில் ஒன்பது. ஒரே அர்த்தம் தரும் இரண்டு சொற்கள் அடுத்தடுத்து வருகின்றன. எடிட்டர் கையில் கொடுத்தால் ஒன்றை வெட்டிவிடுவார். ஆனால் வெட்டினால் வரி செத்துவிடும். டென்ஷனில் இருக்கிற மேனேஜர், பார்சலைக் கையில் வைத்துக்கொண்டு உதவியாளரிடம் எப்படிப் பேசுவாரோ அந்தக் குரல் அந்த இரட்டைச் சொல்லில்தான் இருக்கிறது. கம்பெனி தன்னைப் பற்றிப் பேசவே இல்லை. 'நாங்கள்' இல்லை, 'தரம்' இல்லை, 'நம்பிக்கை' இல்லை. வாடிக்கையாளரின் வாயிலிருந்து அவருடைய பயம் வருகிறது.

அந்தப் பயம் யாருடையது என்பதையும் பார்க்க வேண்டும். அதுவரை எந்தப் பார்சலை எந்தக் கம்பெனியில் அனுப்புவது என்பது சரக்குப் பிரிவில் இருக்கிறவர்களின் வேலை. அவர்கள் கட்டணப் பட்டியலைப் பார்த்துதான் முடிவெடுப்பார்கள். இந்த விளம்பரங்கள் அவர்களைத் தாண்டி, பார்சல் போய்ச் சேராவிட்டால் யாருடைய வேலை போகுமோ அவர்களிடம் பேசின. மேனேஜர், செக்ரட்டரி, வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா. 1981இல் வந்த டிவி விளம்பரத்தில் ஜான் மோஷிட்டா என்ற நடிகர், மூச்சுவிடாமல் நம்ப முடியாத வேகத்தில் பேசும் அதிகாரியாக வந்தார். ஜோ செடல்மேயர் இயக்கியது. சிரிக்க வைத்துவிட்டு, உன் ஆபீஸும் இப்படித்தானே ஓடுகிறது என்று குத்தும்.

இந்த வரியில் எனக்கு மிகவும் பிடித்த குணம், அதைப் பிடித்துக்கொண்டு கம்பெனியோடு சண்டை போடலாம் என்பது. பார்சல் மறுநாள் வரவில்லையென்றால், உன் விளம்பரத்திலேயே சொன்னாயே என்று கேட்க முடியும். நம் ஊரில் கடைப் பலகையைப் பாருங்கள்: 'தரமே எங்கள் தாரக மந்திரம்', 'வாடிக்கையாளர் திருப்தியே எங்கள் லட்சியம்'. இதை வைத்து யார், எதை, எப்போது கேட்க முடியும்? பலகையிலிருக்கிற கடைப் பெயரை அழித்துவிட்டு எதிர்க்கடைப் பெயரை எழுதினாலும் வரி அப்படியே பொருந்தும். பயணிகள் விமானத்தில் இடம் தேடிக்கொண்டிருந்த போட்டிக் கம்பெனிகள் ஃபெடரல் எக்ஸ்பிரஸின் வரியைத் தங்கள் பெயருக்குக் கீழே போட்டிருந்தால், ஒரே வாரத்தில் புகார்க் கடிதத்திலேயே மூழ்கியிருக்கும்.

வரிக்குப் பின்னால் சரக்கு இருந்தது என்பதும் முக்கியம். சொந்த விமானம், மெம்ஃபிஸ் இரவு வேலை எல்லாம் வரி வருவதற்கு ஐந்து ஆண்டு முன்பே இருந்தன. 1979இல் பார்சல்களைக் கண்காணிக்க மையக் கணினி அமைப்பு வந்தது. 1986இல் டெலிவரி ஆட்கள் கையில் பார்கோடு படிக்கும் கருவி வந்தது. இவ்வளவையும் அந்த ஒரு வரியைக் காப்பாற்றுகிற செலவாகவே நான் பார்க்கிறேன். ஊழியருக்கும் அது வேலைக் குறிப்பு மாதிரி. மெம்ஃபிஸில் இரவு இரண்டு மணிக்குப் பெட்டி பிரிக்கிற ஆளுக்கு, தான் எதற்கு ஓட வேண்டும் என்று தனியாகக் கூட்டம் போட்டுச் சொல்ல வேண்டியதில்லை.

1983இல் அந்த வரியை விளம்பரத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். அதே ஆண்டு நிறுவனத்தின் ஆண்டு வருமானம் 100 கோடி டாலரைத் தொட்டது. வேறு கம்பெனிகளை வாங்காமல், இணைக்காமல், பத்தே ஆண்டுகளில் அந்த அளவை எட்டிய முதல் அமெரிக்க நிறுவனம் அது. இவ்வளவு சம்பாதித்துக் கொடுத்த வரியை எதற்கு எடுக்க வேண்டும்? என் கணிப்பு இது: ஒரு வாக்குறுதி ஜெயித்துவிட்டால் அது எல்லோருடைய வழக்கமாகிவிடும். மறுநாள் டெலிவரி என்பது எண்பதுகளில் மற்றவர்களும் கொடுக்கிற சேவையானது. அப்புறம் அதைச் சொல்லிப் பெருமைப்பட முடியாது. தவிர, அந்த வரி ஒரே சேவைக்கான வரி. 1984இல் அவர்கள் ஸாப்மெயில் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். ஃபேக்ஸ் முறையில் காகிதத்தை இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது. ஆபீஸ்கள் சொந்தமாக ஃபேக்ஸ் மிஷின் வாங்கிக்கொண்டதால் பெரும் நஷ்டத்தில் 1986இல் மூடினார்கள். அது வேறு கதை. ஆனால் இரவைத் தாண்டியும் விற்க ஆசைப்படுகிற கம்பெனிக்கு, இரவு என்று முடிகிற வரி இறுக்கமான சட்டைதான்.

பெயர் பாரமானபோது

1989இல் ஃபிளையிங் டைகர் என்ற சரக்கு விமான நிறுவனத்தை வாங்கியதும் ஃபெடரல் எக்ஸ்பிரஸ் ஒரே தாவலில் உலகத்தின் பல நாடுகளுக்குப் போய்விட்டது. அங்கேதான் பழைய பெயர் இடிக்கத் தொடங்கியது. அமெரிக்காவுக்கு வெளியே பல மொழிக்காரர்களுக்கு வாயில் நுழையாத நீளம். லத்தீன் அமெரிக்காவில் 'ஃபெடரல்' என்ற சொல் போலீசை நினைவூட்டியது. மெக்சிகோவில் 'ஃபெடராலெஸ்' என்றால் மத்தியப் போலீஸ், நல்ல பெயர் எடுத்தவர்கள் இல்லை. அமெரிக்காவிலேயேகூட 'ஃபெடரல்' என்றால் மெதுவாக நகர்கிற அரசாங்க ஆபீஸ் என்ற எண்ணம் வந்திருந்தது. 1971இல் தோரணை கொடுத்த சொல்தான் இருபது ஆண்டு கழித்துக் காலை இழுத்தது.

இதற்கிடையே வாடிக்கையாளர்களே தீர்வைக் கண்டுபிடித்திருந்தார்கள். யாரும் முழுப் பெயரைச் சொல்லவில்லை. "அதை ஃபெடெக்ஸ் பண்ணிடு" என்று வினைச்சொல்லாகவே ஆக்கிவிட்டார்கள். நாம் ஜெராக்ஸ் எடுக்கிற மாதிரி. நிறுவனம் செய்தது அதை ஏற்றுக்கொண்டதுதான். லோகோ மாற்றும் வேலையை சான் ஃபிரான்சிஸ்கோவின் லேண்டர் அசோசியேட்ஸ் என்ற டிசைன் நிறுவனத்திடம் கொடுத்தபோது, நீளப் பெயரை விட்டுவிட்டு மக்கள் சொல்கிற சுருக்கத்தையே பலகையில் ஏற்றுவது என்று முடிவானது. சட்டப்படியான பெயராக ஃபெடரல் எக்ஸ்பிரஸ் கார்ப்பரேஷன் அப்படியே தொடர்ந்தது. மாறியது கண்ணில் படுகிற பெயர் மட்டும்.

இந்த முடிவின் கனத்தை நாம் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 20 ஆண்டு விளம்பரச் செலவு, நூற்றுக்கணக்கான விமானங்கள், பல்லாயிரம் வண்டிகள், சீருடை, பெட்டி, உறை, ரசீது என எல்லாவற்றிலும் பழைய பெயர் இருந்தது. டிசைனர் பென்சிலைத் தொடுவதற்கு முன்னால் நிர்வாகம் எடுக்க வேண்டிய முடிவு அது. லோகோ நன்றாக இல்லை என்று வருகிறவர்களிடம் பேசிப் பார்த்தால் பாதிப் பேருக்குச் சிக்கல் பெயரில் இருக்கும். அதைச் சொன்னால் முகம் மாறிவிடும். பெயர் ஜோசியரைக் கேட்டு வைத்ததாக இருக்கும், தாத்தா பெயராக இருக்கும், பார்ட்னர்கள் இரண்டு பேரின் முதலெழுத்தாக இருக்கும். சரி, பெயரில் கை வைக்க வேண்டாம், எழுத்தை மட்டும் அழகாக்குங்கள் என்பார்கள்.

லாரிக்கணக்கு

லேண்டரில் இந்த வேலைக்குத் தலைமை டிசைனராக இருந்தவர் லிண்டன் லீடர். ஸ்மித் அவர்களிடம் வைத்த நிபந்தனைகளில் ஒன்று லோகோ வரலாற்றில் பேர் பெற்றது: என் வண்டிகள்தான் என் நடமாடும் விளம்பரப் பலகை, ஐந்து பிளாக் தள்ளி நின்றாலும் வண்டி பளிச்சென்று தெரிய வேண்டும்.

இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பிளாக் என்பது ஒரு குறுக்குத் தெருவிலிருந்து அடுத்த குறுக்குத் தெரு வரையுள்ள தூரம். நியூயார்க்கின் மன்ஹாட்டனில் வடக்கு தெற்காக 20 பிளாக் சேர்ந்தால் ஒரு மைல். அப்படியானால் ஐந்து பிளாக் என்பது கால் மைல், 1,320 அடி. பலகை எழுதும் தொழிலில் ஒரு பொதுக் கணக்கு உண்டு: சிரமமில்லாமல் படிக்க, ஒவ்வொரு பத்தடித் தூரத்துக்கும் எழுத்து ஓர் அங்குல உயரம் வேண்டும். அந்தக் கணக்குப்படி 132 அங்குலம், அதாவது 11 அடி உயர எழுத்து. எந்த டெலிவரி வேனின் பக்கவாட்டிலும் அது ஏறாது. ஆக, ஸ்மித் கேட்டது படிப்பதைப் பற்றியே இல்லை. கால் மைல் தள்ளி யாரும் எழுத்தைப் படிப்பதில்லை. நிறத்தையும் சொல்லின் மொத்த வடிவத்தையும் பார்த்து அடையாளம் காண்கிறார்கள். நம் ஊரில் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவர் தூரத்தில் வருகிற பஸ்ஸின் போர்டைப் படிப்பதற்கு முன்பே இது நம்ம பஸ் இல்லை என்று தெரிந்துகொள்வதும் அப்படித்தான்.

இப்போது பெயரின் நீளத்துக்கு வாருங்கள். ஆங்கிலத்தில் பழைய பெயருக்கு 14 எழுத்து, நடுவில் ஓர் இடைவெளி. புதிய பெயருக்கு ஐந்தே எழுத்து. ஒரே அகலமுள்ள வண்டியில் ஒரே வரியில் எழுதினால், புதிய பெயரின் எழுத்துகள் கிட்டத்தட்ட மூன்று மடங்கு உயரமாக நிற்கும். எந்த எழுத்துரு, எந்த நிறம், எந்த அம்பு என்ற பேச்செல்லாம் அப்புறம். பெயரைக் குறைத்த அந்த ஒரு முடிவே தெருவில் தெரிகிற அளவை மூன்று மடங்காக்கிவிட்டது. பழைய லோகோவில் எழுத்துகள் சாய்வாக மேல்நோக்கி ஏறும். சாய்த்தால் அந்த அளவுக்கு இடமும் வீணாகும். புதியதில் நேராகப் படுக்க வைத்தார்கள். ஊதாவும் ஆரஞ்சும் வெள்ளைப் பின்னணியில். பழைய நிறக் குடும்பத்தை அடியோடு விட்டுவிடவில்லை. பழகின கண் தடுமாறவில்லை.

இந்தப் பகுதியை யாரும் கதையாகச் சொல்வதில்லை, ஏனென்றால் இதில் ஆச்சரியம் இல்லை. அளவுநாடா மட்டும்தான் இருக்கிறது. என்னைக் கேட்டால் இந்த லோகோவின் வெற்றியில் பெரும்பங்கு இங்கேதான் முடிந்துவிட்டது.

எழுத்துக்கு நடுவே

சரி, அம்பு.

லீடரின் குழு 200க்கும் மேற்பட்ட வடிவங்களை வரைந்து பார்த்தது. அம்பைத் தேடி யாரும் கிளம்பவில்லை. எழுத்துகளை நெருக்கி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பெரிய 'ஈ'க்கும் சின்ன 'எக்ஸ்'க்கும் நடுவிலிருந்த வெள்ளை இடத்தில் அம்பின் சாயல் லீடர் கண்ணில் பட்டது. சாயல்தான், அம்பு இல்லை. அதை உண்மையான அம்பாக்குவதில்தான் வேலை இருந்தது.

ஆங்கிலப் பெரிய 'ஈ'க்கு வலப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் மூன்று கைகள் உண்டு. நடுக்கைக்கும் கீழ்க்கைக்கும் இடையே உள்ள வெள்ளைப் பட்டைதான் அம்பின் தண்டு. சின்ன 'எக்ஸ்' இடப்பக்கம் குறுகி உள்ளே போகும், அங்கே ஒரு முக்கோண வெற்றிடம் கிடைக்கும். அதுதான் அம்பின் முனை. தண்டும் முனையும் ஒரே அச்சில் வர வேண்டுமானால், 'எக்ஸ்'இன் இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடம் அந்த வெள்ளைப் பட்டையின் நடுவுக்கு நேர் எதிரே நிற்க வேண்டும். சாதாரண எழுத்துருவில் அது நிற்காது. சின்ன எழுத்தின் உயரத்தைக் கூட்டினால் வெட்டும் இடம் மேலே ஏறும், ஆனால் எழுத்து உப்பியது போலாகும். 'ஈ'யின் கைகளை நகர்த்தினால் அம்பு சரியாகும், எழுத்து நொண்டும்.

லீடர் விரும்பியவை யூனிவர்ஸ், ஃபியூச்சரா என்ற இரண்டு பழைய எழுத்துருக்களின் தடித்த வடிவங்கள். இரண்டிலும் அம்பைக் கட்டாயப்படுத்திக் கொண்டுவந்தபோது எழுத்து கெட்டது. கடைசியில் இரண்டின் குணங்களையும் கலந்து, இந்த ஐந்து எழுத்துக்கென்றே தனி வடிவங்களை வரைந்தார். சின்ன எழுத்துகள் வழக்கத்தைவிட உயரம், எழுத்துக்கு எழுத்து இடைவெளி ஏறத்தாழ இல்லை. இதில் ஒரு நேர்மை இருக்கிறது: அம்பைப் பார்க்காதவருக்கும் அந்தச் சொல் முழுமையான, நன்றாக வரைந்த சொல்லாகவே தெரியும். அம்புக்காக எந்த எழுத்தும் வளைந்து கொடுக்கவில்லை. மூன்றாம் தர 'ஒளிந்திருக்கும்' லோகோக்களில் நேர்மாறாக நடக்கும். பூனையை ஒளிக்கப் போய் எழுத்தே படிக்க வராது.

லோகோவை நிறுவனத்தின் மேலாளர்களுக்குக் காட்டியபோது அம்பைப் பற்றி முன்கூட்டிச் சொல்லவில்லை. அதை முதலில் கண்டுபிடித்தவர் ஸ்மித்தான் என்று லீடர் சொல்லியிருக்கிறார். அறிமுகத்தின்போது மக்கள்தொடர்பு நிறுவனத்தார் அம்புக்குத் தனி நிறம் கொடுங்கள், பெரிதாக்குங்கள், எல்லாருக்கும் தெரியட்டும் என்று கேட்டார்கள். லீடர் சம்மதிக்கவில்லை. சும்மா நிற்கிற அம்புக்குறி ரோட்டோரத்தில் ஆயிரம் இருக்கிறது. தானாகக் கண்டுபிடிக்கும்போதுதான் அதற்கு ருசி. டிசைன் வேலையில் இருக்கிறவர்களுக்கு இந்த இடம் புரியும். நல்ல விஷயத்தைச் செய்வதைவிட, அதன் கீழே கோடு போடாமல் இருக்கச் சம்மதம் வாங்குவதுதான் கஷ்டம்.

அறிமுகமான ஆண்டு 1994. பிற்பாடு 40க்கும் மேற்பட்ட டிசைன் விருதுகள் கிடைத்தன. அரபு மொழிக்கான லோகோவை வரைந்தபோது, வலமிருந்து இடம் படிக்கிற அந்த எழுத்துகளுக்கு நடுவேயும் ஓர் அம்பை அமைத்தார்கள், இடப்பக்கம் பார்த்து. தற்செயலாகக் கண்ணில் பட்டது அதற்குள் நிறுவனத்தின் சொத்தாகிவிட்டது.

'உள்ளே ஏதாவது ஒளித்து வையுங்கள் சார், ஃபெடெக்ஸ் மாதிரி' என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, உங்கள் பெயரை மக்கள் அதிகம் பார்க்கிற இடம் எது என்பதுதான். மாவு பாக்கெட்டா, குட்டியானை வண்டியின் பக்கவாட்டா, ஜிஎஸ்டி பில்லின் மூலையா, போன் திரையில் விரல் நகம் அளவு வட்டமா? ஸ்மித்துக்குப் பதில் தெரிந்திருந்தது: வண்டி. அந்த ஒரு பதிலிலிருந்து மீதி எல்லாம் வந்தது. கறுப்பு வெள்ளை பில்லில் மட்டும் தெரியப்போகிற லோகோவுக்கு நிறச் சாய்வு வைத்து என்ன பயன்? கேட்டால் சிலர் யோசிக்கிறார்கள். சிலர் வேறு டிசைனரைப் பார்க்கப் போய்விடுகிறார்கள்.

வரி மாறும், வடிவம் நிற்கும்

புதிய லோகோவோடு விமானங்களிலும் வண்டிகளிலும் 'தி வேர்ல்ட் ஆன் டைம்' என்ற வரி ஏறியது. உலகம் முழுக்க, சரியான நேரத்தில். பழைய வரியின் வாக்குறுதி அதில் இருக்கிறது, சூடு இல்லை. தொண்ணூறுகளின் கடைசியில் 'பி அப்சல்யூட்லி ஷ்யூர்' என்று பழைய சொல்லையே கொஞ்சம் தட்டி எடுத்தார்கள். அதற்குப் பிறகு 'ரிலாக்ஸ், இட்ஸ் ஃபெடெக்ஸ்'. கவலையை விடுங்கள் என்கிறது. இவை எதுவும் மோசம் இல்லை. ஆனால் 1978 வரியைப் போல யாரும் நாற்பது ஆண்டு கழித்து ஒப்பிப்பதில்லை. பெரிய கம்பெனிக்கு ஒரே ஒரு பயத்தைப் பேசுகிற சுதந்திரம் போய்விடுகிறது. எல்லாச் சேவைக்கும், எல்லா நாட்டுக்கும் பொருந்துகிற வரி வேண்டும் என்றால் கூர்மை மழுங்கத்தான் செய்யும். அந்தக் கூர்மை சிறிய தொழிலுக்குத்தான் கட்டுப்படியாகும், ஆனால் அவர்கள்தான் 'தரமே மந்திரம்' என்று எழுதுகிறார்கள்.

டேக்லைன்கள் இப்படி வந்து போக, 1994 வடிவம் 30 ஆண்டு தாண்டியும் அப்படியே நிற்கிறது. காரணம், அது எந்த வாக்குறுதியையும் சொல்லவில்லை. விமானப் படம் இல்லை, பெட்டிப் படம் இல்லை, பூமி உருண்டை இல்லை. அதனால் தொழில் மாறும்போது பொய்யாகவும் இல்லை. தரைவழிப் பார்சல், கனரகச் சரக்கு, நகலெடுக்கும் கடை என எதை வாங்கிச் சேர்த்தாலும் அந்த ஐந்தெழுத்துக்குள் அடங்கியது.

பிசகியது ஓர் இடத்தில்தான். 1998இல் கேலிபர் சிஸ்டம் என்ற நிறுவனத்தை வாங்கியதும் தாய் நிறுவனத்துக்கு எஃப்டிஎக்ஸ் கார்ப்பரேஷன் என்று பெயர் வைத்தார்கள். மக்கள் நாக்கில் ஏற்கெனவே இருந்த பெயரை விட்டுவிட்டு மூன்று எழுத்துக்குப் போனதன் தர்க்கம் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. 2000இல் அதை விட்டுவிட்டு ஃபெடெக்ஸ் கார்ப்பரேஷன் என்றே ஆக்கினார்கள். அப்போது பிரிவுக்கு ஒரு நிறம் என்று ஒரு முறையும் வந்தது. முதல் பாதி எப்போதும் ஊதா, இரண்டாம் பாதி மட்டும் மாறும்: விரைவுச் சேவையான எக்ஸ்பிரஸுக்கு ஆரஞ்சு, தரைவழிப் பார்சலான கிரவுண்டுக்குப் பச்சை, கனரகச் சரக்கான ஃபிரெய்ட்டுக்குச் சிவப்பு. கம்பெனிக்குள் இருக்கிறவர்களுக்கு அந்த அட்டவணை அழகாக இருந்திருக்கும். வாசலில் நின்று பெட்டியை வாங்குகிற ஆளுக்குப் பச்சை வண்டிக்கும் ஆரஞ்சு வண்டிக்கும் என்ன வித்தியாசம் என்று தெரியவும் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அவர் சொல்வது ஒன்றுதான், ஃபெடெக்ஸ் வந்திருக்கிறது. 2016இல் பிரிவு நிறங்களைக் கைவிட்டு, எல்லாவற்றையும் படிப்படியாக ஊதா ஆரஞ்சுக்கே திருப்பத் தொடங்கினார்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த வண்டிகளை ஒரே நாளில் பெயின்ட் அடிக்க முடியாது என்பதால், பச்சையும் ஆரஞ்சும் பல காலம் ஒரே தெருவில் ஓடின.